ஆங்கில இறந்தகால வினையும் தமிழ் மாணவரும்

காலங் காட்டுதல் வினைச்சொல்லின் இயல்பு என்பது தமிழிலக்கணம் பயின்றார் யாவரும் அறிந்ததே. செய்தான், செய்கின்றான், செய்வான் என வரும் மூன்றையும் தோட்டத்துச் சிறு பிள்ளையும் பிழையின்றி வழங்கும். அவ்வாறிருக்க, அப்பிள்ளையே ஆங்கில வகுப்பிற் புகுந்ததும் 'நேற்றுப் போகிறேன்' என்னும் பொருள்பட எழுதுவதும், இறந்தகாலத்தை ஒரே வாக்கியத்தில் இருமுறை வைப்பதும் ஆசிரியர் பலர் நாடோறும் காணும் காட்சிகளாகும். இதற்கு அறிவுக்குறையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. தன் மொழியின் அமைப்பை உள்ளத்திற் கொண்டு பிற மொழியைப் பேசப் புகுவார்க்கு இத்தகைய இடர்ப்பாடுகள் இயல்பாகவே நேரும். அவ்வமைப்பையே துணையாகக் கொண்டு ஆங்கில இறந்தகாலத்தை விளக்கின், இடர்ப்பாட்டிற் பெரும்பகுதி நீங்கிவிடும்.

ஊவா மாகாணத்துப் பெரகல இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான இடம். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கொழும்பிலிருந்து வரும் பெருவீதி அங்கே கிளைக்கின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறிப் பண்டாரவளை நோக்கிச் செல்ல, மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. சூழவுள்ள தோட்டத்து இல்லங்களில் தமிழும், கடைவீதியிற் சிங்களமும், அலுவலகத்திலும் வகுப்பறையிலும் ஆங்கிலமுமாக மும்மொழியும் ஒருங்கே வழங்குகின்றன. 'செக்ரோல்', 'லயம்', 'பிரட்டு', 'கண்டக்டர்', 'டீமேக்கர்' முதலிய சொற்கள் ஆங்கிலத்தினின்று வந்து தோட்டத்தமிழாகவே ஆகிவிட்டன. ஆயின் இவ்வாறு வந்தன பெரும்பாலும் பெயர்ச்சொற்களே. வினைகள் வரவில்லை, வந்தவையும் 'செய்', 'பண்ணு' என்னும் தமிழ்வினைகளின் துணைகொண்டே காலங் காட்டுகின்றன. ஆகவே, ஆங்கிலச் சொற்கள் நூற்றுக்கணக்கில் அறிந்த பிள்ளைக்கும் ஆங்கில வினையின் காலவடிவம் புதியதாகவே இருக்கின்றது.

ஆங்கில வினைகளிற் பெரும்பாலன இறுதியில் 'ஈ', 'டீ' என்னும் இரண்டெழுத்துக்களைப் பெற்று இறந்தகாலங் காட்டும். எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் இவ்விகுதி ஒலியில் மூன்றாகும். இம்மூன்றையும் தமிழெழுத்திற் காட்டுதல் எளிதன்று. 'பட்டு' என்பதில் உள்ள டகரம் வேறு. 'வண்டி' என்பதில் உள்ள டகரம் வேறு. எழுத்து ஒன்றாயினும் முன்னையது தொண்டை அதிராது பிறக்க, பின்னையது தொண்டை அதிரப் பிறக்கின்றது. குரல்வளையில் விரலை வைத்து இவ்விரு சொற்களையும் மெல்லச் சொல்லிப் பார்ப்பார்க்கு இவ்வேறுபாடு புலனாகும். யாழ்ப்பாணத்தார் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதுங்கால், அதிராத ஒலியைப் பெரும்பாலும் 'ற்' எனவும் அதிரும் ஒலியை 'ட்' எனவும் எழுதுவர். அவ்வழக்கே ஈண்டுக் கொள்ளப்படுகின்றது.

தேயிலைத் தோட்டத்துத் தொழில்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வோர்க்கு மூவகையும் எளிதில் விளங்கும். கொழுந்து கொய்தலைக் குறிக்கும் 'பிளக்' என்னும் வினை அதிராத ககர ஒலியில் முடிதலின் 'பிளக்ற்' எனத் தானும் அதிராத ஒலியைப் பெறும். கொழுந்தை நிறுத்தலைக் குறிக்கும் 'வெய்' என்பதும், செடியைக் கவ்வாத்து வெட்டுதலைக் குறிக்கும் 'புரூன்' என்பதும் அதிரும் ஒலியில் முடிவன. ஆதலின் அவை 'வெய்ட்', 'புரூன்ட்' என வரும். இனி, நடுதலைக் குறிக்கும் 'பிளான்ற்' என்பதும், களை பிடுங்குதலைக் குறிக்கும் 'வீட்' என்பதும் விகுதியின் ஒலியாலேயே முடிகின்றன. ஒத்த இரண்டு ஒலிகள் இடையீடின்றி ஒட்டமாட்டாமையின் அங்கே ஓர் இகரம் தோன்றி, 'பிளான்றிட்', 'வீடிட்' என ஓரசை மிகுகின்றது.

மாணவர் செய்யும் பிழை இம்மூன்றாம் வகையை எங்கும் கொண்டுசென்று, 'பிளக்கெட்' என்று இரண்டசையாகப் படித்தலே. எழுத்தைக் கண்டு ஒலிப்பதால் விளைவது இது. இதற்கு மறுதலையாக, 'வெய்ட்' என்னும் இறந்தகால வினைக்கும், காத்திருத்தலைக் குறிக்கும் 'வெயிற்' என்னும் வினைக்கும் வேறுபாடு தோன்றாதபடி உச்சரிப்பாரும் உளர். கொழுந்து நிறுக்குமிடத்தில் 'நிறுத்தேன்' என்பதும் 'காத்திரு' என்பதும் ஒன்றாகக் கேட்குமாயின் என்னாகும் என்பதை ஆசிரியர் வகுப்பில் நகைச்சுவையாக எடுத்துக் காட்டலாம்.

முன்னின்ற ஒலிக்கேற்ப இறந்தகால உருபு மாறுதல் தமிழர்க்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் த், ட், ற், இன் என்னும் நான்கினையும் இறந்தகால இடைநிலைகளாகக் கூறினார். செய்தான் என்பதில் தகரம். உண்டான் என்பதில் டகரம். தின்றான் என்பதில் றகரம். உண் என்பதன் ணகரமே தகரத்தை டகரமாக்கிற்று. தின் என்பதன் னகரமே அதனை றகரமாக்கிற்று. எனவே இம்மூன்றும் அடிப்படையில் ஓருருபின் திரிபுகளே என இக்கால மொழிநூலார் கொள்வர். ஆங்கிலத்து மூவொலியும் அவ்வாறே ஓருருபின் திரிபுகள். இரு மொழிகளும் இனத்தால் வேறாயினும், நாவினாற் பிறக்கும் ஒரு வல்லொலியையே இறந்தகாலத்திற்குக் கருவியாகக் கொண்டமை வியத்தற்குரியது. அஃது உறவன்று, தற்செயலான ஒற்றுமையே.

எழுத்துமுறை பற்றிய விதிகள் சில. 'ஈ' என்னும் எழுத்தில் முடியும் வினை 'டீ' ஒன்றையே பெறும். மெய்யை அடுத்து 'வொய்' என்னும் எழுத்து இறுதியில் நிற்குமாயின் அது 'ஐ' என்னும் எழுத்தாகத் திரியும். உலர்த்துதலைக் குறிக்கும் 'டிறை' என்பது இவ்வாறு வரும். ஓரசைச் சொல் குறிலோடு கூடிய ஒற்றில் முடியின் அவ்வொற்று இரட்டிக்கும். நிறுத்துதலைக் குறிக்கும் 'ஸ்ரொப்' என்பதன் ஈற்றெழுத்து இரண்டாவது காண்க. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர்வரின் இரட்டும் என்பது தமிழ்ப் புணர்ச்சி விதி. கண் என்பது இல்லுருபு ஏற்றுக் கண்ணில் என வருதல் எவ்வாறோ, அவ்வாறே இதுவும். 'வெயிற்' என்பது நெடிலோசை உடைமையின் இரட்டாது. கால் என்பது காலில் என வருதல் போல்வது அது. இவ்வொப்புமையை அறிந்த மாணவன் பன்னிரண்டு விதிகளை மனனஞ் செய்ய வேண்டுவதில்லை.

இனி, விதிக்கு அடங்காத வினைகள். ஆங்கிலம் பயில்வார்க்குப் பேரச்சம் விளைப்பன இவையே. பட்டியலாக எழுதி நெட்டுருச் செய்வித்தலே பெரும்பான்மைப் பள்ளிகளின் வழக்கம். பட்டியல் வேண்டுவதே, ஆயின் அதன் வரலாறு தெரியின் மனத்திற் பதிதல் எளிதாகும்.

செர்மானிய மொழிகளின் இலக்கணத்தை ஆராய்ந்த யாக்கோப் கிரிம் என்பார், 1819 ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தமது நூலில், உயிரொலி மாறிக் காலங் காட்டும் வினைகளை வல்வினை எனவும், விகுதி பெற்றுக் காலங் காட்டுவனவற்றை மெல்வினை எனவும் பெயரிட்டார். உயிர்மாறும் வினைகளே பழமையானவை. பாடுதலைக் குறிக்கும் 'சிங்' என்பது 'சாங்' என்றும், குடித்தலைக் குறிக்கும் 'டிரிங்க்' என்பது 'டிராங்க்' என்றும், வருதலைக் குறிக்கும் 'கம்' என்பது 'கேம்' என்றும், கொடுத்தலைக் குறிக்கும் 'கிவ்' என்பது 'கேவ்' என்றும், எழுதுதலைக் குறிக்கும் 'றைற்' என்பது 'றோற்' என்றும் வருதல் அப்பழைய முறை. பழைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ முந்நூறு வினைகள் இம்முறையைப் பின்பற்றின. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பிரெஞ்சு வினைகள் திரளாக வந்து புகுந்தன. அவை ஏறக்குறைய யாவும் விகுதி பெறும் முறையையே தழுவின. பழைய வினைகளிற் பலவும் காலப்போக்கில் அதன்வழிச் சென்றன. உதவுதலைக் குறிக்கும் 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் முன்னாளில் 'ஹோல்ப்' என்றிருந்தது; இன்று 'ஹெல்ப்ற்' என்பதே வழக்கு. எதிர்த்திசையிற் சென்றனவும் உள. தோண்டுதலைக் குறிக்கும் 'டிக்' முன்னர் விகுதி பெற்று 'டிக்ட்' என வழங்கிப் பின்னர் 'டக்' என உயிர்மாறிற்று.

அங்ஙனமாயின், வா, போ, கொடு, உண், உறங்கு, காண் முதலிய அன்றாட வினைகளே ஏன் விதிக்கு அடங்காது நிற்கின்றன? அடிக்கடி வழங்குதலே காரணம். நாடோறும் பலமுறை நாவில் வரும் சொல்லின் பழைய வடிவம் மறக்கப்படுவதில்லை. அருகி வழங்குவதே மறக்கப்பட்டுப் பொதுவிதியின் வழிப்படும். தேயிலைத் தொழிற்சாலையில் நிகழும் வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்தல் ஆகிய தொழில்களைக் குறிக்கும் ஆங்கில வினைகள் ஐந்தும் ஒழுங்காக விகுதி பெறுவன. அத்தொழிலைச் செய்தவர் காலையில் எழுந்ததும் உண்டதும் வந்ததும் போனதும் குறிக்கும் வினைகளோ யாவும் ஒழுங்கற்றவை.

தமிழிலும் விகுதியோ இடைநிலையோ வேண்டாது பகுதி விகாரப்பட்டே இறந்தகாலங் காட்டும் வினைகள் உள. புகு, விடு, பெறு என்பன புக்கான், விட்டான், பெற்றான் என ஒற்றிரட்டி வருதல் நன்னூலுரை பயின்றார் அறிவர். பெரகலச் சிறுவனுக்கு இதனினும் நெருங்கிய துணையொன்று உண்டு. அது கடைவீதிச் சிங்களம். பார்த்தலைக் குறிக்கும் 'பலனவா' என்பது இறந்தகாலத்தில் 'பெலுவா' என முதலுயிர் திரிந்து வருகின்றது. போதலைக் குறிக்கும் 'யனவா' என்பதோ 'கியா' என முற்றும் வேறாகின்றது. ஆங்கிலத்திலும் போதலைக் குறிக்கும் 'கோ' என்பதன் இறந்தகாலம் 'வென்ற்' என வேறு சொல்லாகவே நிற்கின்றது. 'வென்ட்' என்னும் பிறிதொரு பழைய வினையின் இறந்தகாலமே 'கோ' என்பதனோடு வந்து சேர்ந்தது. 'யனவா, கியா' என்று தயக்கமின்றிச் சொல்லும் பிள்ளை 'கோ, வென்ற்' என்பதைக் கண்டு மலைத்தற்குக் காரணமேயில்லை. அப்பிள்ளை முன்னரே அறிந்ததை ஆசிரியர் எடுத்துக் காட்டாமையே குறை.

எஞ்சியவற்றுள், 'பை' (வாங்கு), 'பிறிங்' (கொண்டுவா), 'திங்க்' (எண்ணு) என்பன முறையே 'போற்', 'புறோற்', 'தோற்' என ஓரினமாக வரும். 'புற்' (வை), 'ஷற்' (மூடு) என்பன மாறா. 'றீட்' (படி) என்பது எழுத்தில் மாறாது ஒலியில் மட்டும் 'றெட்' என மாறும்.

ஆங்கிலம் தமிழனுக்குச் செய்யும் பேருதவி ஒன்று உண்டு. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தனர் எனத் தமிழ் திணை, பால், எண், இடம் நோக்கிப் பலவாறாக விகுதி வேறுபடுக்க, ஆங்கிலம் 'கேம்' என ஒன்றனாலேயே அனைத்தையும் முடிக்கின்றது. இருத்தலைக் குறிக்கும் 'வொஸ்', 'வேர்' என்னும் இரண்டு மட்டுமே விலக்கு. ஆனால் இவ்வெளிமைக்கு ஒரு விலையுண்டு. 'வந்தேன்' என்ற ஒரு சொல்லே தமிழில் முழுவாக்கியமாக, ஆங்கிலத்தில் எழுவாய் கூறாக்கால் வந்தவர் எவர் என்பதே விளங்காது.

எதிர்மறையும் வினாவுமே மாணவர் பெரிதும் வழுக்கும் இடங்கள். 'போகவில்லை' என்னும் தமிழ்ச்சொல் நேற்றைக்கும் பொருந்தும்; இன்றைக்கும் பொருந்தும். அதிற் காலவுருபு இல்லை. 'நேற்று' என்னும் சொல்லே காலத்தைக் குறிக்கின்றது. ஆங்கிலம் அவ்வாறு விடுவதில்லை. 'டூ' என்னும் துணைவினையை வருவித்து, அதனை 'டிட்' என இறந்தகாலமாக்கி, எதிர்மறைச் சொல்லை அதனோடு சேர்த்து, முதன்மை வினையை வாளா நிறுத்துகின்றது: 'ஹீ டிட் நொற் கோ.' மாணவனோ 'ஹீ டிட் நொற் வென்ற்' என எழுதிவிடுகின்றான். இறந்தகாலமாதலின் 'கோ' என்பதை மாற்றவேண்டும் என்று அவன் கற்ற விதியே அவனை இடறச் செய்கின்றது.

'போகாமல் விட்டான்' என்னும் தமிழ்த்தொடரை எண்ணுக. அதிற் போதல் காலங் காட்டவில்லை. 'விட்டான்' என்னும் துணைவினையே காலங் காட்டுகின்றது. 'போகாமல் விட்டான்' என்பதைப் 'போனாமல் விட்டான்' என்று எந்தத் தமிழ்ப்பிள்ளையும் சொல்லாது. துணைவினை வந்தவிடத்துக் காலம் அதனிடமே தங்கும் என்பது இரு மொழிக்கும் பொது. இவ்வொன்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், பத்து நாள் திருத்தியும் திருந்தாத பிழை பெரும்பாலும் அன்றே திருந்தும். வினாவிலும் இதுவே முறை. 'டிட்' முன்வர, முதன்மை வினை வாளா நிற்கும்.

வடிவம் இவ்வாறாக, பொருளை நோக்குவோம். குறித்ததொரு காலத்தில் தொடங்கி முடிந்துபோன செயலைக் கூறுதலே இவ்விறந்தகாலத்தின் தலையாய பயன். 1890 இல் தாமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1893 இல் புகைவண்டி அப்புத்தளையை அடைந்தது. 1924 இல் அது பதுளைக்குச் சென்றது. ஆண்டு குறித்துக் கூறும் இத்தகைய வாக்கியங்களில் 'போற்', 'றீச்ற்', 'வென்ற்' என்பனவன்றிப் பிற வடிவங்கள் வாரா. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவற்றை நிரல்படக் கூறுதற்கும், முன்னாளில் வழக்கமாக நிகழ்ந்ததைக் கூறுதற்கும் இதுவே உரியது.

இறந்தகால வடிவம் இறவாத காலத்தைக் குறித்தலும் உண்டு. 'நான் செல்வனாயின்' என நிகழாத ஒன்றை ஆங்கிலத்திற் கூறுங்கால் வினை இறந்தகால வடிவையே பெறும். இஃது ஆங்கிலத்தின் விந்தை எனச் சிலர் கருதுவர். 'வந்தால்', 'உண்டால்', 'போனால்' என்னும் தமிழ் எச்சங்களைப் பிரித்துப் பார்க்க. வருதல் இனி நிகழவேண்டியதாக இருந்தும் உள்ளே நிற்பது 'வந்த்' என்னும் இறந்தகால வடிவமே.

இரு மொழியும் பிரியும் இடமும் அறியத்தக்கது. பெரகலச் சந்தியில் நிற்பார், வளைவில் வாகனம் தோன்றிய அளவிலே 'பஸ் வந்துவிட்டது' என்பர். வீட்டிலிருந்து அழைப்பார்க்கு, இருந்த இடத்தினின்று எழாமலே 'இதோ வந்துவிட்டேன்' என்பர். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களாற் காலம் மயங்குதலைத் தமிழிலக்கணம் வழுவமைதியாகக் கொண்டது. ஆங்கிலம் இவ்விடத்தில் இறந்தகாலத்தை ஏலாது. வந்துகொண்டிருப்பதாகவே கூறல் வேண்டும். 'ஐ கேம்' என்று மறுமொழி கூறும் மாணவன் தன் மொழியில் வழுவமைதியாவது பிற மொழியில் வழுவாதலை அறியாதவன்.

இன்னொன்று. காலையில் நனைந்த வீதியைக் கண்டு 'இரவு மழை பெய்திருக்கிறது' என்பது நல்ல தமிழ். இதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கின் 'ஹாஸ்' என்னும் துணைவினை வரும். கழிந்த இரவைக் குறித்துக் கூறுமிடத்து அது பிழை. இறந்துபோன காலத்தைப் பெயர் சுட்டியபின், 'ஹாவ்', 'ஹாஸ்' என்பன கொண்ட வடிவம் ஆங்கிலத்தில் வாராது. அவ்வடிவம் கழிந்ததை இன்றைய நிலையோடு பிணிப்பது. தனி இறந்தகாலமோ அதனை இன்றினின்று துண்டிப்பது.

இத்துண்டிப்பு எத்துணைப் பொருளுடையது என்பதற்கு மலையகத்தார் வரலாறே சான்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளுக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவும்படி கேட்டது. 'ஐ லிவ்ட் இன் சிலோன் ஃபோர் ரென் இயேர்ஸ்' என்று ஒருவர் எழுதினால், பத்தாண்டு வாழ்ந்தார், பின்னர் அவ்வாழ்வு முடிந்தது என்றே ஆங்கிலம் அறிந்தார் பெரும்பாலும் பொருள்கொள்வர். 'ஐ ஹாவ் லிவ்ட்' என எழுதினால் இன்றும் வாழ்கின்றார் என்பது பெறப்படும். தமிழில் 'பத்தாண்டு வாழ்ந்தேன்' என்பதும் 'பத்தாண்டாக வாழ்ந்து வருகிறேன்' என்பதும் வேறுபடுதல் போன்றதே இது. வதிவு இடையறாதது என்பதே வழக்காக இருக்கும் விண்ணப்பத்தில், ஒரு துணைவினையை விட்டெழுதுவது எழுதுவார் கருதாத பொருளைத் தந்துவிடும். எழுதத் தெரியாதார் பிறர் கையால் எழுதுவித்தமையின், தம் பெயரால் எந்தக் காலம் எழுதப்பட்டது என்பதைத் தாமே படித்தறியவும் இயலாது.

அச்சட்டத்தின்கீழ் 1951 ஆம் ஆண்டு ஆகத்து 5 ஆம் நாள்வரை பெறப்பட்ட விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குறித்தன. அவருட் குடியுரிமை பெற்றார் ஏறத்தாழ 1,34,000 பேர். மறுக்கப்பட்டமைக்குச் சட்டத்தின் கடுமையே முதற்காரணம்; இலக்கணம் அன்று. ஆயினும் வதிவு, வருகை, திரும்பிச் சென்றமை, மீண்டு வந்தமை ஆகிய யாவும் வினைகளாலேயே கூறப்பட வேண்டியிருந்தன. இந்திய வமிசாவளியினருள் எஞ்சியிருந்தார்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.